பிள்ளையின் கைவேலையைப் பெற்றோர் செய்யலாமா?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் பெற்றோரிடமிருந்து எனக்குத் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், வீட்டில் பிள்ளைகள் கைப்பேசியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்கள். எளிமையாக ஏதாவது கைவேலை சொல்லுங்களேன். செலவு அதிகம் ஆகக்கூடாது." கேட்பவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். பல ஆண்டுகளாக நானும் ஒரு பட்டியலை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். இப்பொழுது பட்டியலுக்கு முன்னால் ஒரு நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை செய்துகொண்டிருக்கும்போது உங்கள் கைகள் இரண்டும் உங்கள் மடியிலேயே இருக்க வேண்டும்! கேட்டதும் சிலர் சிரிக்கிறார்கள். சிலருக்கு முகம் சுருங்குகிறது. ஏன் இந்த நிபந்தனை என்பதைச் சொல்வதற்கு என் பிழை ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2007ஆம் ஆண்டு. அப்பொழுது நான் பணியாற்றிய பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கலைக்கல்வியும் கற்பித்து வந்தேன். "பயன்படுத்திய பொருள்களைக் கொண்டு ஏதேனும் ஒன்றைச் செய்து வாருங்கள்" என்று இரண்டு வாரத் தவணை கொடுத்தேன். குறித்த நாளில் வகுப்பறையே கண்காட்சிபோல் ஆகிவிட்டது. நடுவில் ஒரு வீடு. பனிக்கூழ்க் குச்சிகளால் ஆனது. ஓட்டுக்கூரை, வேலி, சன்னல் எல்லாம் உண்டு. மேலே பளபளக்கும் மெருகெண்ணெய் வேறு பூசப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பேருந்து. பற்பசைப் பெட்டிதான் உடல். புட்டி மூடிகள் சக்கரங்கள். உடைந்த துடைப்பத்தின் ஈர்க்குச்சி அச்சு. பெட்டியின் மேல் வண்ணம் திட்டுத்திட்டாக இருந்தது. ஒரு சக்கரம் கோணிக்கொண்டு நின்றது.

வீட்டுக்கு 92 புள்ளிகள் போட்டேன். பேருந்துக்கு 45.

மறுநாள் அந்த வீட்டைக் கொண்டுவந்த மாணவனை அழைத்து, கூரையை எப்படி ஒட்டினாய் என்று வகுப்புக்கு விளக்கச் சொன்னேன். பையன் வெகுநேரம் நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அப்பாதான் செஞ்சாரு சார். என்னைத் தொடவே விடல." வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பேருந்து செய்தவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவன் மேசைமேல் பேருந்து இல்லை. காலையிலேயே சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னாலுள்ள குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டானாம். பக்கத்து இருக்கைக்காரி சொன்னாள்.

எண்ணிப் பாருங்கள்! அந்த வகுப்பில் நான் கெடுத்தது ஒரு பிள்ளையை அன்று, இருவரை. ஒருவன் தானே எண்ணி, தானே வெட்டி, தானே உருட்டிப் பார்த்தவன்; அவனுக்கு 45 கொடுத்து, உன் கைக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட்டேன். இன்னொருவனுக்கோ கைகள் இருந்தும் அவற்றுக்கு வேலையே கிடைக்கவில்லை. அந்த வெறுமைக்கு 92 கொடுத்தேன். பனிக்கூழ்க் குச்சிகளும் பயன்படுத்தியவை அல்ல. எழுதுபொருள் கடையில் கட்டுக்கட்டாக விற்பவை. நூறு பனிக்கூழ் தின்று சேர்த்த குச்சி அவ்வளவு வெள்ளையாகவா இருக்கும்? அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அந்தத் தந்தையை நான் குறைகூற மாட்டேன். நேர்த்திக்குப் புள்ளி கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போது, தம் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்று எந்தப் பெற்றோர்தாம் எண்ணமாட்டார்? குற்றம் என்னிடத்தில் இருந்தது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. வகுப்புசார் மதிப்பீடு வந்துவிட்டது. ஆனாலும் கைவேலை என்றவுடன் அழகானதைத் தேடும் கண் நம்மில் பலரை விட்டு இன்னும் போகவில்லை. பள்ளிக் கண்காட்சிகளில் முன்வரிசை மேசையைப் பாருங்கள். சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டியதும், கத்தியால் நேர்கோட்டில் அறுத்ததுமான பொருள்கள்தாம் அங்கே இருக்கும். ஒன்பது வயதுக் கை அப்படி ஒட்டாது, அப்படி அறுக்காது என்பது நமக்குத் தெரியாததா?

இன்னும் ஒரு கூத்து உண்டு. மறுசுழற்சிக் கைவேலைக்கு வெற்றுப் புட்டி வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால், ஒரு பெட்டித் தண்ணீர்ப் புட்டி வாங்கி, தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டுப் புட்டியைக் கொடுத்தனுப்பும் வீடுகளை நான் அறிவேன். புதிய காகிதத் தட்டு, புதிய உறிஞ்சுகுழல், மின்னும் தூள், பொலிஸ்டிரின் அட்டை எல்லாம் 2 வெள்ளிக் கடையில் வாங்கி வந்து 'கழிவிலிருந்து கலை' என்று பெயர் எழுதி ஒட்டுகிறோம். கண்காட்சி முடிந்த மறுநாள் அவ்வளவும் குப்பைக்குப் போகிறது. இதில் கழிவு எங்கே குறைந்தது? கூடியிருக்கிறது.

பேரங்காடிகளில் விற்கும் கைவேலைப் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் அளவாக வெட்டி, எண் போட்டு, பசையோடு வருகின்றன. பிள்ளை ஒன்றையும் இரண்டையும் ஒட்டுவதோடு சரி. அரை மணி நேரத்தில் அட்டைப்படத்தில் உள்ளதுபோலவே ஒரு பொருள் வந்துவிடும். என்ன செய்வது என்று எண்ணவோ, எது பொருந்தும் என்று தேடவோ, பிழை செய்யவோ அதில் இடமில்லை. அவசரத்துக்கு வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதைக் கைவேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் கண்ணைத் திறந்தது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலம். 2020 மார்ச் 18ஆம் நாள் நாடு அடைபட்டது. பள்ளிகள் மூடப்பட்டன, எழுதுபொருள் கடைகளும் மூடப்பட்டன. எங்கள் மாணவர்கள் பலருக்கு வீட்டில் ஒரே ஒரு திறன்பேசி. அதுவும் தந்தையோ தாயோ வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். இயங்கலை வகுப்பு என்பது பாதிப் பேருக்குப் பெயரளவில்தான் இருந்தது. எனவே புலனக் குழுவில் ஓர் எளிய வேலையைக் கொடுத்தேன். "வீட்டில் இருப்பதை வைத்து, வீட்டில் உள்ள ஒருவரிடம் கேட்டு, ஏதேனும் ஒன்றைச் செய்யுங்கள். எதையும் வாங்கக்கூடாது. புள்ளிகள் இல்லை."

வாங்கவும் கடையில்லை, போட்டிக்குப் புள்ளியும் இல்லை. அதனால் வந்த படங்களைப் பார்த்து நான் வியந்துபோனேன். பால் டின்னில் தொலைபேசி, பழைய காலுறையில் பொம்மை, சிரட்டையில் கயிறு கட்டி நடக்கும் கட்டை! எல்லாம் கோணல்மாணல்; எல்லாம் பிள்ளைகளுடையவை. அவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி அவள். தாயார் தொழிற்சாலையில் முறைமாற்று வேலை செய்பவர். இரவு பதினொரு மணிக்குத்தான் படம் வந்தது. முட்டை அட்டையில் ஒரு பல்லாங்குழி. 30 முட்டைகள் வைக்கும் அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழிகள். பல்லாங்குழிக்கோ ஒரு பக்கத்துக்கு ஏழு வேண்டும். இரண்டு வரிசையை வெட்டினால் 12தான் வருகிறது. என்ன செய்வது? மிச்சமிருந்த அட்டையிலிருந்து இரண்டு குழிகளைத் தனியே வெட்டிக் கடைசியில் பசைநாடாவால் ஒட்டியிருந்தாள். ஒட்டிய இடம் சற்றுத் தூக்கலாக இருந்தது. குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டைகள். பதினான்கை ஐந்தால் பெருக்கி 70 கொட்டைகள் வேண்டும் என்று தானே கணக்கிட்டு, சமையலறைப் புளியைப் பிரித்து எடுத்தாளாம். கொட்டை எடுக்காத புளியை வாங்கும் வீடு. அதுவும் ஒரு நற்பேறுதான்!

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் பாட்டி. தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிய கை. பேத்தியின் பள்ளிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து "எனக்கு இதெல்லாம் தெரியாதம்மா" என்று ஒதுங்கிக்கொள்பவர் என்று தாயார் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தப் பாட்டி அன்று தரையில் அமர்ந்து, குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', அது அந்தக் குழிக்கு உரியவருக்கே சொந்தம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். மறுவாரம் தாயார் ஒரு குரல்பதிவு அனுப்பினார். "சார், என் மாமியாரும் மகளும் தினமும் சண்டை போடுறாங்க. அவங்க ஏமாத்துறாங்கன்னு இவ, இவ ஏமாத்துறான்னு அவங்க. வீட்டுல தொலைக்காட்சியே போடுறதில்ல." பின்னணியில் கொட்டைகள் விழும் ஓசை கேட்டது.

அந்தப் பல்லாங்குழிக்கு ஆன செலவு என்ன? ஒன்றுமில்லை. நம் அண்டை வீட்டு மலாய்க்காரர்கள் சோங்காக் என்று ஆடுவதும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். பக்கத்துக்கு ஏழு குழிகளோடு இரு முனைகளிலும் ஒவ்வொரு வீடு. அதே முட்டை அட்டையில் இரண்டு கிண்ணங்களை வைத்தால் அதையும் ஆடிவிடலாம். ஓர் எச்சரிக்கை. புளியங்கொட்டை கிடைக்காவிட்டால் சாகா மரத்தடியில் விழுந்து கிடக்கும் முழுச்சிவப்பு விதைகளைப் பொறுக்கலாம். ஆனால் கருப்புப் புள்ளியோடு கூடிய சிறு குன்றிமணியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அதன் பருப்பு கடும் நச்சு.

கைவேலையில் கிடைப்பது என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பொருள் இரண்டாம் நிலை. ஒரு வீட்டில் மதிப்பிழந்து மூலையில் இருந்த அறிவு ஒன்று நடுக்கூடத்துக்கு வருகிறது. நம் தாத்தா பாட்டிகளின் கைகளுக்குத் தெரிந்தவற்றை நாம் கேட்டதே இல்லை. தென்னங்குருத்தில் தோரணம் பின்னத் தெரிந்தவர்கள் இன்று ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை பேர்? மங்கலத்துக்கு ஒரு மடிப்பு, துக்கத்துக்கு வேறு மடிப்பு என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்? திருமணத்துக்குத் தோரணம் வேண்டுமென்றால் இப்பொழுது அலங்கார நிறுவனத்தைத்தானே அழைக்கிறோம். ஓலையில் ஊதல், கைக்கடிகாரம், கிளி எல்லாம் செய்து கொடுத்த மாமன்மார்கள் நம்மிடையே இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் திறன்பேசியோடு உட்கார்ந்து விடுகிறார்கள்.

என் தந்தையார் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் இலைக்குப் பஞ்சமா? ஆண்டின் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்க்கும்போது கால் புதையும் அளவுக்குக் கிடக்கும். பழுதில்லாத, முற்றிய இலைகளாகப் பார்த்து எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போடுவார் அப்பா. இரண்டு மூன்று வாரம் அப்படியே கிடக்கும். நாற்றம் எடுக்கும். அம்மா திட்டுவார். பிறகு ஒவ்வோர் இலையாக எடுத்து, தட்டையான பலகையில் வைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தட்டித் தட்டித் தேய்த்தால் அழுகிய சதை கரைந்துபோய் நரம்பு மட்டும் வலைபோல் நிற்கும். கொசுவலையைவிட மெல்லியது, எதிரே பிடித்தால் முகம் தெரியும். கழுவி, இரண்டு தாள்களுக்கு இடையே வைத்துப் பழைய புத்தகத்துக்குள் அழுத்தி உலர்த்த வேண்டும். வேண்டுமென்றால் உணவு வண்ணத்தில் முக்கி எடுக்கலாம். நான் அவற்றைப் புத்தகக் குறியாக வைத்துக்கொள்வேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் மட்டும்தான் அது இருந்தது என்னும் பெருமை இருக்கிறதே, அதை எந்த விலைக்கும் வாங்க முடியாது.

நகரத்தில் ரப்பர் இலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கோவிலடி அரசமரத்து இலை அதைவிட நன்றாக வரும். கூர்நுனியோடு நரம்பு முழுமையாக நிற்கும்போது பார்க்க அழகாக இருக்கும். இங்கே இரண்டு செய்திகளை மறக்கக்கூடாது. முதலாவது, நம் நாட்டில் தேங்கிய நீர் என்றால் ஏடிஸ் கொசு. திறந்த வாளியில் ஊறப்போட்டால் டிங்கிக் காய்ச்சலை நாமே வளர்த்ததாகும், தண்டமும் விழும். இறுக்கமான மூடியுள்ள பழைய பிஸ்கட் கொள்கலனில் போட்டு மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை நீரை மாற்றியவுடன் மீண்டும் இறுக மூடிவிடுங்கள். இரண்டாவது, விரைவாக முடிய வேண்டும் என்று சலவைச் சோடாவில் வேகவைக்கும் முறையும் உண்டு. அது தோலைப் புண்ணாக்கக்கூடியது. பிள்ளைகளோடு செய்யும்போது வேண்டாம். மூன்று வாரம் காத்திருப்பதே நல்லது. காத்திருக்கப் பழகுவதும் அந்தக் கைவேலையின் ஒரு பகுதிதானே.

முதல் இலை கிழியும். இரண்டாவதும் கிழியும். பெற்றோர்களே, அந்த நேரத்தில்தான் உங்கள் கை மடியை விட்டு எழப் பார்க்கும். "இங்கே கொடு, நான் செய்கிறேன்" என்று வாய் சொல்ல வரும். சொல்லாதீர்கள்! ஐந்தாவது இலையில் பிள்ளையின் விரலுக்கே அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். உங்களுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதா? உங்களுக்கென்று தனியாக ஓர் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இலையும் கிழியட்டும். அப்பாவின் இலையும் கிழிகிறது என்று பார்க்கும் பிள்ளைக்கு ஏற்படும் நிம்மதியை நீங்கள் நேரில்தான் காண வேண்டும்.

சுண்டலுக்கு ஊறவைக்கும் கொண்டைக்கடலையில் ஒரு பிடியை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள், உடன் பற்குச்சிகள். கூர்முனையைப் பிள்ளைகள் கவனமாகக் கையாளட்டும். கடலைதான் முடிச்சு, குச்சிதான் கோல். நான்கு குச்சியால் ஒரு சதுரம் செய்யச் சொல்லுங்கள். அது ஆடும், சாயும். மூன்று குச்சியால் முக்கோணம் செய்தால் அசையாது. ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்களே சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சியை ஒடித்தோ நீட்டியோ வைக்க முயல்வார்கள். இது என் கண்டுபிடிப்பு அன்று. 1837இல் ஜெர்மனியில் சிறார் நிலையம் தொடங்கி, பின்னர் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்ட பிரெட்ரிக் புரோபெல் என்பவர் வகுத்த கைவேலைகளுள் ஊறிய பட்டாணியும் குச்சியும் ஒன்று. அமெரிக்காவில் அப்படி ஒரு சிறார் பள்ளியில் படித்த பக்மின்ஸ்டர் புல்லர் சிறுவயதில் கண்பார்வை மிகக் குறைந்தவர். மற்றப் பிள்ளைகள் கண்ணால் கண்ட வீட்டைப்போல் சதுரம் சதுரமாகக் கட்ட, அவர் விரலால் தடவித் தடவி உறுதியாக நின்ற முக்கோணங்களையே அடுக்கினாராம். பின்னாளில் முக்கோணங்களால் ஆன கோளக் கூரைக்கு 1954இல் காப்புரிமை பெற்றவர் அவரே. அவருடைய வீட்டிலிருந்து யாராவது வந்து "வீடு இப்படியா இருக்கும்? கொடு, நான் நேராகக் கட்டித் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால்?

பசை வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். இரண்டு கரண்டி மரவள்ளி மாவையோ கோதுமை மாவையோ அரைக் குவளைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு குவளைக் கொதிநீரை ஊற்றிச் சிறுதீயில் கிண்டினால் கண்ணாடிபோல் பசை வந்துவிடும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. ஒட்டும் வேலை பிள்ளைகளுடையது. காகிதத்துக்கு அதுவே போதும். குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள்கள் தாங்கும். பழைய நாளிதழ்தான் இப்போது அரிதாகிவிட்டது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோன நாட்டில் நாளிதழ்க் கட்டுக்கு எங்கே போவது? அஞ்சல் பெட்டியில் திணித்துவிட்டுப் போகும் விளம்பரத் தாள்கள் இருக்கின்றன. அவை வண்ணமாகவும் இருக்கின்றன. சீனப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் நோன்புப் பெருநாளிலும் வந்துசேரும் அங்பாவ் உறைகளைத் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். மூன்று இனத்து உறைகளையும் கலந்து மடித்து ஒரு விளக்கைச் செய்து என் மாணவர்கள் வகுப்பறையில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலம் போடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஒரு நெகிழிப்பையில் ஒரு குவளை அரிசி, ஒரு தேக்கரண்டி வினிகர், சில துளி உணவு வண்ணம்; பையை முடிந்து பிள்ளையிடம் கொடுத்தால் ஆடிக் குலுக்கிக் கொடுத்துவிடும். தாளில் பரப்பி உலர்த்தினால் முடிந்தது. உண்ணும் அரிசியை வீணாக்குவதா என்று என்னைக் கடிந்துகொண்ட மூத்தோர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எறும்புக்கும் உணவாகட்டும் என்றுதான் முன்னோர் அரிசி மாவில் கோலமிட்டனர். அதனால் வண்டு விழுந்த அரிசியைக் கொண்டு செய்கிறோம். கோலம் கலைந்த பிறகு சலித்துப் புட்டியில் அடைத்து அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறோம். மூன்றாம் ஆண்டாக எங்கள் வீட்டில் அதே அரிசிதான். நிறம் எல்லாம் கலந்து ஒருவகைச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது என்பது வேறு செய்தி!

"நேரம் எங்கே இருக்கிறது சார்?" என்னும் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். இரண்டு வேலை பார்க்கும் தந்தையரையும் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் தாயரையும் நான் அறிவேன். அவர்களிடம் போய்ப் பிள்ளையோடு உட்கார்ந்து காகிதம் மடி என்று உபதேசம் செய்வதற்கு எனக்கு நாக்கு எழுவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நள்ளிரவு வரை விழித்திருந்து பிள்ளையின் கைவேலையைத் தாமே செய்து முடிக்கும் பெற்றோரும் இவர்கள்தாம். அந்த இரண்டு மணி நேரம் இருக்கத்தான் செய்கிறது. பிள்ளை உறங்கிய பிறகு செலவாகிறது. அதில் கால் பகுதியைப் பிள்ளை விழித்திருக்கும்போது கொடுத்துவிட்டு, மீதியில் நீங்கள் உறங்கலாமே.

இந்தக் காலத்தில் நிரலாக்கம் கற்றுக்கொடுக்காமல் புளியங்கொட்டை எண்ணச் சொல்கிறீர்களே என்று கேட்பவர்களும் உண்டு. நிரலாக்கம் கற்கட்டும், நானே ஊக்கப்படுத்துகிறேன். ஆனால் முதலாம் ஆண்டு வகுப்பில் நான் காண்பதை அவர்கள் வந்து காண வேண்டும். திரையைத் தள்ளவும் பெரிதாக்கவும் தெரிந்த விரல்களுக்குக் கத்தரிக்கோலைக் கோட்டின்மேல் நடத்தத் தெரியவில்லை. எழுதுகோலை முட்டிக்குள் இறுக்கிப் பிடிக்கிறார்கள். நம் எழுத்துகளோ சுழியும் வளைவும் நிறைந்தவை. 'ஞ'கரத்தையும் 'ண'கரத்தையும் எழுதத் தொடங்கி நடுவழியில் திரும்பத் தெரியாமல் பிள்ளை அழுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பயிற்றேடு தருவதைவிட ஒரு பிடி பச்சைப்பயறும் ஊசிநூலில் கோக்க உதிர்ந்த பூவும் தந்தால் விரைவில் பயன் தெரிகிறது. இது ஆய்வு முடிவு அன்று. என் வகுப்பறையில் நான் கண்டது.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கைவேலையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், வகுப்பிலேயே செய்யட்டும். வீட்டுக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், பொருளோடு ஒரு துண்டுத்தாளும் வரட்டும். அதில் இரண்டே கேள்விகள்: எது சரியாக வரவில்லை? அதற்கு நீ என்ன செய்தாய்? நான் சில ஆண்டுகளாக அந்தத் தாளைத்தான் முதலில் படிக்கிறேன், பொருளைப் பிறகுதான் பார்க்கிறேன். "ஒன்றும் தவறாகப் போகவில்லை" என்று எழுதி வரும் பொருளைக் கண்டால் எனக்கு ஐயம் வந்துவிடுகிறது.

பேருந்து செய்த அந்த மாணவன் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். அதன்பின் அவனைப் பார்க்கவில்லை. அவன் செய்ததுபோலவே பற்பசைப் பெட்டியில் ஒரு பேருந்தை நான் செய்து பார்த்தேன். ஈர்க்குச்சி அச்சில் நான்கு சக்கரமும் நேராக நிற்பது எவ்வளவு கடினம் என்று அப்பொழுதுதான் தெரிந்தது. எனக்கு இரண்டு சக்கரங்கள் கோணின. அது என் மேசைமேல்தான் இருக்கிறது. புதிய மாணவர்கள் வந்ததும் யார் செய்தது என்று கேட்பார்கள். நான்தான் என்றால் நம்புவதில்லை.

இந்த விடுமுறைக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டில் அரசிலைகள் ஊறிக்கொண்டிருக்கின்றன. இன்றோடு பதினோரு நாள். மூடியைத் திறந்தால் வீட்டில் யாரும் இருக்க முடியாது! அடுத்த வாரம் தேய்க்கத் தொடங்குவோம். கிழிந்தவற்றையும் சேர்த்துப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.